ஒதுக்கீடும் பொறுப்பும்: அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினரின் ஊர்ப்பணி, தற்காப்பு நிதிக் கோரிக்கைகள் – ஒரு விளக்கம்

முன்னுரை

பொருளை ஈட்டுதல், காத்தல் ஆகியவற்றோடு அதனை உரியவாறு வகுத்தலையும் அரசின் திறன்களுள் ஒன்றாகத் திருக்குறளின் இறைமாட்சி அதிகாரம் எண்ணுகிறது. வகுத்தல் என்னும் இச்செயல் மன்னராட்சியில் ஒருவரது உள்ளத்தைப் பொறுத்ததாக இருந்தது. மக்களாட்சியிலோ அது பலர் கூடிச் செய்யும் செயலாகிறது. அந்நிலையில், எப்பணிக்கு எவ்வளவு என்னும் வினாவோடு, யார் கேட்டார், எவர்பொருட்டுக் கேட்டார் என்னும் வினாக்களும் உடனெழுகின்றன.

இவ்வினாக்கள் நெடுங்காலமாகக் கூர்மையாக எழுப்பப்பட்டுவரும் இடம் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சட்டமன்றமாகிய காங்கிரஸ் ஆகும். அங்கு உறுப்பினர் ஒருவர் தம் தொகுதியின் கழிவுநீர்க் குழாய்க்கும், தம் தொகுதியிலுள்ள தொழிற்சாலை உருவாக்கும் படைக்கருவிக்கும் ஒரே முறையில் நிதி கோரிவந்த காலம் உண்டு. அக்கோரிக்கைகள் எவ்வழியாகச் சட்டமாகின்றன, அவை ஏன் பழிக்கப்பட்டன, ஏன் தடைசெய்யப்பட்டன, தடைக்குப் பின்னர் ஏன் மீண்டும் வந்தன என்பனவற்றை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது. ஊர்ப்பணிக் கோரிக்கையும் தற்காப்புக் கோரிக்கையும் வடிவத்தால் ஒத்தனவாயினும், அவற்றைச் சீர்தூக்கும் அளவுகோல் ஒன்றாக இருத்தல் இயலாது என்பதே இக்கட்டுரை நிறுவ விழையும் கருத்தாகும்.

சொல்லும் பொருளும்

இத்தகைய ஒதுக்கீட்டை ஆங்கிலத்தில் ‘இயர்மார்க்’ என வழங்குவர். கால்நடைகளின் காதில் வெட்டுக்குறியிட்டு அவை இன்னாருடையவை என்று காட்டிய வழக்கத்திலிருந்து பிறந்த சொல் இது. பொது மந்தையில் மேய்ந்தாலும் குறியிட்ட விலங்கு ஒருவருக்கே உரியது. அதுபோலப் பொதுநிதியில் ஒரு பகுதி குறிப்பிட்ட ஊருக்கோ நிறுவனத்துக்கோ உரியதென முன்னரே குறிக்கப்படுகிறது. இக்கட்டுரையில் இதனைக் ‘குறித்த ஒதுக்கீடு’ என வழங்குவோம். இதனை எள்ளுவோர் ‘பன்றி இறைச்சிப் பீப்பாய்’ என்பர். ஒருபொருள் பற்றிய இருசொற்களுள் ஒன்று உரிமையையும் மற்றொன்று பேராசையையும் சுட்டுவது கருதத்தக்கது.

பிரதிநிதிகள் சபையின் விதிகள் இதற்குத் தெளிவான வரையறை தருகின்றன. ஓர் உறுப்பினரின் வேண்டுகோளை முதன்மைக் காரணமாகக் கொண்டு, குறிப்பிட்ட தொகையை, குறிப்பிட்ட நிறுவனத்துக்கோ மாநிலத்துக்கோ ஊருக்கோ தொகுதிக்கோ வழங்குமாறு சட்டத்திலோ குழு அறிக்கையிலோ சேர்க்கப்படும் கூற்று குறித்த ஒதுக்கீடு எனப்படும். மக்கள்தொகை முதலியவற்றைக் கொண்ட வாய்பாட்டின்படியோ, போட்டி முறையில் விண்ணப்பங்களைத் தேர்ந்தோ வழங்கப்படும் நிதி இதில் அடங்காது. எனவே, மூன்றாவது வழியொன்றினை இவ்வரையறை சுட்டுகிறது எனலாம்: வாய்பாடும் அன்று, போட்டியும் அன்று, உறுப்பினரின் தேர்வே இங்கு அடிப்படை.

அரசியலமைப்பின் இடம்

அமெரிக்க அரசியலமைப்பின் முதற்பிரிவு, சட்டத்தால் ஒதுக்கப்பட்டாலன்றிக் கருவூலத்திலிருந்து பணம் எடுக்கப்படலாகாது என விதிக்கிறது. தரைப்படைக்கான ஒதுக்கீடு எதுவும் இரண்டாண்டுக்கு மேற்படலாகாது என்பதும் அதே பிரிவில் உள்ளது. படையை நடத்துபவர் அதிபர். அப்படைக்குப் பணம் தருபவர் மக்களின் பேராளர். ஒருவர் கையில் வாளும் பணப்பையும் சேர்ந்திருக்கலாகாது என்னும் அச்சமே இவ்விதிகளின் தோற்றுவாய்.

நம் நாட்டு மரபில் பயின்றோர்க்கு இது புதுமையாகத் தோன்றலாம். மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 67ஆம் பிரிவின்படி, அரசின் செலவு தொடர்பான மசோதாவையோ திருத்தத்தையோ அமைச்சர் ஒருவரே கொணர இயலும். இந்திய அரசியலமைப்பின் 113ஆம் பிரிவும் குடியரசுத் தலைவரின் பரிந்துரையின்றி மானியக் கோரிக்கை வைக்கப்படலாகாது என்கிறது. பிரித்தானிய மரபைத் தழுவிய இந்நாடுகளில், செலவைக் கோருவது அரசாங்கத்தின் உரிமை. இசைவதும் மறுப்பதும் மன்றத்தின் உரிமை. அமெரிக்காவிலோ அதிபர் அனுப்பும் வரவு செலவுத் திட்டம் பரிந்துரை மட்டுமே. காங்கிரஸ் அதனைக் குறைக்கலாம், கூட்டலாம், அதில் இல்லாத ஒன்றைப் புதிதாகச் சேர்க்கவும் செய்யலாம். குறித்த ஒதுக்கீடு தோன்றுவதற்கான நிலம் இதுவே.

கோரிக்கை செல்லும் வழி

அமெரிக்காவின் நிதியாண்டு அக்டோபர் 1ஆம் நாள் தொடங்குகிறது. அதற்கு முந்திய பிப்ரவரியில் அதிபர் தம் திட்டத்தை அனுப்ப வேண்டும் என்பது சட்டம். பல ஆண்டுகளில் இது தாமதப்படுவதும் உண்டு. பிரதிநிதிகள் சபை, செனட் சபை ஆகிய இரண்டிலும் நிதியொதுக்கீட்டுக் குழுக்கள் உள்ளன. ஒவ்வொரு குழுவின் கீழும் பன்னிரண்டு துணைக்குழுக்கள் இயங்குகின்றன. வேளாண்மை, போக்குவரத்து, தற்காப்பு, படைத்துறைக் கட்டுமானம் எனத் துறைதோறும் ஒரு துணைக்குழுவும் ஒரு மசோதாவும் உண்டு.

இளவேனிற் காலத்தில் நகராட்சி, மாவட்ட நிர்வாகம், மருத்துவமனை, பல்கலைக்கழகம் முதலியவை தத்தம் தொகுதி உறுப்பினரை நாடுகின்றன. உறுப்பினர் அவற்றுள் சிலவற்றைத் தேர்ந்து, பணியின் பெயர், பெறுவோர், தொகை, நோக்கம் ஆகியவற்றைக் குறித்து உரிய துணைக்குழுவுக்கு அனுப்புகிறார். துணைக்குழு அவற்றுள் தான் ஏற்பவற்றை மசோதாவில் அல்லது மசோதாவுடன் இணையும் அறிக்கையில் சேர்க்கிறது. இரு சபைகளும் இசைந்து, அதிபரும் ஒப்பமிட்டபின் அது நடைமுறைக்கு வருகிறது.

இங்கு ஒரு நுட்பம் மனங்கொள்ளத்தக்கது. ஒவ்வொரு துணைக்குழுவும் செலவிடக்கூடிய மொத்தத் தொகை முன்னரே வரையறுக்கப்படுகிறது. குறித்த ஒதுக்கீடு பெரும்பாலும் அவ்வரம்புக்குள்ளேயே இடம்பெறுகிறது. ஆகவே, அதனை நீக்கினால் மொத்தச் செலவு குறையும் எனக் கருதுவது பெரிதும் பொருந்தாது. உறுப்பினர் குறிக்காவிடில், அத்தொகையை எங்குச் செலவிடுவது என்பதை ஒரு துறையின் அதிகாரி முடிவுசெய்வார். மிச்சமாகிறதா என்பதைவிட, முடிவெடுப்பவர் யார் என்பதே இங்கு எழும் வினா. மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டு மக்களால் நீக்கப்படக்கூடியவர் முடிவெடுப்பது நன்றா, துறையறிவுடைய பதவியாளர் முடிவெடுப்பது நன்றா என்பது எளிதில் விடைகாண இயலாத வினாவாகும்.

ஊர்ப்பணிக் கோரிக்கைகள்

ஊர்ப்பணிக்கு நடுவணரசின் நிதியைப் பயன்படுத்தலாமா என்னும் வழக்கு அமெரிக்கக் குடியரசின் இளமைக் காலத்திலேயே எழுந்தது. 1817ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் நாள், தம் பதவிக்காலத்தின் இறுதியில், அதிபர் ஜேம்ஸ் மேடிசன் சாலைகளுக்கும் கால்வாய்களுக்கும் நிதியளிக்கும் மசோதாவுக்கு ஒப்புதல் மறுத்தார். அத்தகைய பணிகளின் பயனை அவர் மறுக்கவில்லை. அதற்கான அதிகாரத்தை அரசியலமைப்பு வழங்கவில்லை என்பதே அவர் வாதம். காலப்போக்கில் அவ்வாதம் வலுவிழந்தது. 1987இல் அதிபர் ரீகன், நூற்றுக்கும் மேற்பட்ட தனிப்பணிகள் அடங்கிய நெடுஞ்சாலை மசோதாவுக்கு ஒப்புதல் மறுத்தபோது, இரு சபைகளும் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளால் அம்மறுப்பைத் தள்ளிச் சட்டத்தை நிறைவேற்றின. செனட் சபையில் 67க்கு 33 என, தேவையான அளவுக்கு ஒரு வாக்கும் மிகாமல் அது நிறைவேறியது.

இவ்வகை ஒதுக்கீடு பொதுமக்களின் எள்ளலுக்கு இலக்கானது 2005ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டத்தின்போதாகும். அச்சட்டத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட குறித்த ஒதுக்கீடுகள் இருந்தன. அவற்றுள் ஒன்று, அலாஸ்கா மாநிலத்தின் கெச்சிகன் நகரையும் கிரவினா தீவையும் இணைக்கும் பாலத்துக்கான 223 மில்லியன் டாலர். அத்தீவில் வாழ்ந்தோர் ஏறத்தாழ ஐம்பதின்மர். எனவே அது ‘எங்கும் செல்லாப் பாலம்’ எனப் பெயர் பெற்றது. ஆனால், கெச்சிகன் நகரின் விமான நிலையம் அத்தீவிலேயே அமைந்துள்ளது; பயணிகள் படகேறியே அதனை அடைய வேண்டும் என்னும் செய்தியைப் பலர் எடுத்துரைக்கவில்லை. தேவை இருந்தது உண்மை. தேவைக்கும் தொகைக்கும் இடையே பொருத்தம் இல்லை என்பதும் உண்மை.

அவ்வாண்டு அக்டோபரில் செனட் உறுப்பினர் டாம் கோபர்ன், அப்பாலத்துக்கான நிதியைக் கட்ரினா சூறாவளியால் சேதமுற்ற லூசியானா மாநிலப் பாலமொன்றின் சீரமைப்புக்கு மாற்றுமாறு திருத்தம் கொணர்ந்தார். 82 பேர் எதிர்த்தும் 15 பேர் ஆதரித்தும் வாக்களித்தனர். பிறர் ஒதுக்கீட்டில் நான் கைவைத்தால் என் ஒதுக்கீட்டில் பிறர் கைவைப்பர் என்னும் அச்சம் அவ்வாக்கெடுப்பில் வெளிப்பட்டது எனலாம். எனினும், மக்களின் கண்டனம் பெருகவே, நவம்பரில் பாலத்துக்கான குறி நீக்கப்பட்டது. பணம் அலாஸ்காவிடமே விடப்பட்டது. 2007இல் மாநில அரசு பாலத் திட்டத்தைக் கைவிட்டது. பாலத்தை அடைவதற்கெனத் தீவில் போடப்பட்ட சாலை மட்டும் எஞ்சியது.

இந்நிகழ்ச்சி பழிக்குரியதாயினும், ஊர்ப்பணிக் கோரிக்கையின் ஓர் இயல்பினை இதிலிருந்தே அறியலாம். பாலமோ குழாயோ கண்ணுக்குப் புலனாவது. அதனைப் பயன்படுத்துவோர் அவ்வூர் மக்கள். அதன் குறைநிறைகளை அறிவோரும் அவர்களே. உறுப்பினருக்கு வாக்களிப்போரும் அவர்களே. கேட்பவர், பயன்பெறுபவர், மதிப்பிடுபவர் ஆகிய மூவரும் ஓரிடத்தே நிற்கின்றனர். யார் கேட்டார் என்பது வெளிப்படையாக இருப்பின், மதிப்பீடு தானே நிகழ்ந்துவிடும்.

தற்காப்புக் கோரிக்கைகள்

தற்காப்புத் துறையைப் பொறுத்தவரை கோரிக்கைகள் மூவகைப்படும். முதலாவது, படைத்தளங்களில் குடியிருப்பு, குழந்தைகள் காப்பகம், விமான ஓடுபாதை முதலியவற்றை அமைத்தல். இவை தற்காப்புப் பணிகளாயினும் ஒருவகையில் ஊர்ப்பணிகளே. தளம் அவ்வூரிலேயே இருக்கிறது. இரண்டாவது, தரைப்படையின் பொறியாளர் பிரிவு மேற்கொள்ளும் வெள்ளத் தடுப்பு, துறைமுகம் ஆழப்படுத்தல் போன்ற பணிகள். இவற்றைச் செய்பவர் படையினராயினும் பணி முற்றிலும் குடிமக்களுக்கானது. மூன்றாவதே சிக்கலானது: படைக்கருவி, ஆய்வு, தளவாடக் கொள்முதல் ஆகியவற்றுக்கான கோரிக்கை.

இம்மூன்றாம் வகையில் முன்னர்க் கண்ட மூவரும் பிரிந்து நிற்கின்றனர். பயன்பெறுபவராகச் சொல்லப்படுபவர் தொலைவிலுள்ள படைவீரர். உண்மையில் உடனடியாகப் பயன்பெறுபவர் தொகுதியிலுள்ள தொழிற்சாலையும் அதன் தொழிலாளரும். கருவியின் தகுதியை மதிப்பிட வல்லவர் படைத்துறையினர். அவர்களோ அதனைக் கேட்டிருக்க மாட்டார்கள். தொகுதி வாக்காளருக்குத் தொழிற்சாலை இயங்குகிறதா என்பது தெரியும். கருவி போர்க்களத்தில் இயங்குகிறதா என்பது தெரியாது.

2010ஆம் நிதியாண்டுக்கான தற்காப்புச் சட்டம் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. சி-17 என்னும் பெரும் போக்குவரத்து விமானங்கள் போதிய அளவு உள்ளன, இனி வேண்டா எனத் தற்காப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ் கூறியிருந்தார். காங்கிரஸோ மேலும் பத்து விமானங்களுக்கு 2.5 பில்லியன் டாலர் சேர்த்தது. அவ்விமானத்தின் உதிரிப்பாகங்களை வழங்குவோர் நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் பரவியிருந்தனர். உற்பத்தி பரவப் பரவ, அதனைக் காக்கும் உறுப்பினரின் எண்ணிக்கையும் பெருகுகிறது.

எனினும், படைத்துறை கேளாதது யாவும் வீண் என்று முடிவுகட்டுதல் பொருந்தாது. 1990களின் தொடக்கத்தில் மார்பகப் புற்றுநோய் ஆய்வுக்குக் கூடுதல் நிதி வேண்டுமென மகளிர் அமைப்புகள் போராடின. அப்போதைய சட்டம் உள்நாட்டுச் செலவுக்கும் தற்காப்புச் செலவுக்கும் இடையே சுவர் எழுப்பியிருந்தது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பணத்தை மாற்ற இயலவில்லை. ஆகவே, காங்கிரஸ் 1993ஆம் நிதியாண்டில் 210 மில்லியன் டாலரைத் தரைப்படையின் ஆய்வு நிதியிலேயே இந்நோய்க்கென ஒதுக்கியது. தரைப்படை இதனைக் கேட்கவில்லை. எனினும், அறிவியலாரும் நோயிலிருந்து மீண்டோரும் ஒருங்கமர்ந்து விண்ணப்பங்களைத் தேர்ந்தெடுக்கும் முறையுடன் அத்திட்டம் வேரூன்றிப் பல பத்தாண்டுகள் நடைபெற்றுவருகிறது. இங்குப் பணம் எந்த நிறுவனத்துக்கு என்பதைக் காங்கிரஸ் குறிக்கவில்லை. எந்நோக்கத்துக்கு என்பதையே குறித்தது. நோக்கத்தைப் பேராளர் குறித்தலும், பெறுவோரை வல்லுநர் தேர்தலும் ஆகிய இப்பகுப்பு பின்னர் வந்த சீர்திருத்தங்களை நோக்க உதவும்.

ஜான்ஸ்டவுன்: ஒரு நகரின் சான்று

ஊர்ப்பணியும் தற்காப்பும் ஒன்றாகப் பின்னிப் பிணைந்த நிலைக்குப் பென்சில்வேனியா மாநிலத்தின் ஜான்ஸ்டவுன் நகர் தக்க சான்றாகும். நிலக்கரியாலும் எஃகாலும் வளர்ந்த நகர் அது. 1889இல் அணை உடைந்து ஈராயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட வெள்ளத்தால் வரலாற்றில் இடம்பெற்றது. 1977இல் மீண்டும் ஒரு வெள்ளம். தொடர்ந்து எஃகாலைகள் நலிவுற்றன. 1980களின் தொடக்கத்தில் அந்நகர் கடும் வேலையின்மைக்கு ஆளாயிற்று. 1992இல் பெத்லஹேம் எஃகு நிறுவனம் அங்குத் தன் பணியை முடித்துக்கொண்டது.

அத்தொகுதியின் உறுப்பினர் ஜான் மர்த்தா. வியட்நாம் போரில் பணியாற்றிய அவர் 1974இல் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்வானார். பின்னர்த் தற்காப்புத் துணைக்குழுவின் தலைவரானார். எஃகாலை போன இடத்தில் தற்காப்புத் தொழிலை அவர் கொணர்ந்தார். சிறியனவும் பெரியனவுமான பல நிறுவனங்கள் அந்நகரில் கிளை தொடங்கின. 1993ஆம் நிதியாண்டின் தற்காப்பு ஒதுக்கீட்டுச் சட்டத்தின்வழி, தேசியப் போதைப்பொருள் புலனாய்வு மையம் ஒன்றும் அங்கு அமைந்தது. அவர் பெயர் தாங்கிய விமான நிலையம் நடுவணரசின் நிதியால் விரிவுபெற்றது. எனினும் அங்கிருந்து நாள்தோறும் புறப்பட்ட பயணியர் விமானங்கள் மிகச் சிலவே.

மர்த்தாவை வீண்செலவின் உருவமாக நாட்டின் செய்தித்தாள்கள் சித்திரித்தன. அவர் தொகுதி மக்களோ அவரை மீண்டும் மீண்டும் தேர்ந்தெடுத்தனர். இரு பார்வைகளும் அவரவர் நின்ற இடத்திலிருந்து நோக்க இயல்பானவையே. வேலையிழந்த எஃகுத் தொழிலாளி ஒருவரிடம், இப்பணம் நாட்டின் வேறொரு மூலையில் இதனினும் பயன்பட்டிருக்கும் என்று கூறுவது எளிதன்று. 2010 பிப்ரவரியில் மர்த்தா காலமானார். போதைப்பொருள் புலனாய்வு மையம் 2012இல் மூடப்பட்டது. ஒருவரின் குழுப்பதவியை நம்பி எழுந்த பொருளாதாரம் அவருக்குப் பின்னர்த் தானே நிற்க இயலுமா என்னும் வினாவை அந்நகர் எதிர்கொண்டது. குறித்த ஒதுக்கீட்டின் ஆழமான குறைபாடு இங்கேதான் புலப்படுகிறது: தேவையைவிட, கேட்பவரின் பதவிமூப்பே பங்கீட்டை முடிவுசெய்கிறது. ஜான்ஸ்டவுனைப் போன்றே எஃகாலைகளை இழந்த வேறு நகரங்களுக்கு அத்தகைய ஓர் உறுப்பினர் வாய்க்கவில்லை.

ஊழலும் வெளிப்படைத்தன்மையும்

பதவிமூப்பு ஒருபுறமிருக்க, கோருவோரின் பெயர் மறைந்திருந்த காலத்தில் ஊழலுக்கும் இடமிருந்தது. தற்காப்புத் துணைக்குழுவின் உறுப்பினராக இருந்த கலிபோர்னியாவின் ரேண்டி கன்னிங்ஹம், படைத்துறை ஒப்பந்தக்காரர்களிடமிருந்து குறைந்தது 2.4 மில்லியன் டாலர் கையூட்டுப் பெற்றதை ஒப்புக்கொண்டு 2005 நவம்பரில் பதவி விலகினார். 2006 மார்ச்சில் அவருக்கு எட்டாண்டு நான்கு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. இவ்வளவு மதிப்புள்ள ஒப்பந்தத்துக்கு இவ்வளவு கையூட்டு என அவர் தம் கையால் எழுதிய விலைப்பட்டியல் வழக்கில் சான்றாக வைக்கப்பட்டது. மக்கள் பணத்தை வகுக்கும் அதிகாரம் கடைச்சரக்காக மாறியதற்கு அதனினும் தெளிவான ஆவணம் வேண்டுவதில்லை.

இதன் விளைவாகச் சீர்திருத்தங்கள் அடுத்தடுத்து வந்தன. 2007இல் இரு சபைகளும், ஒவ்வொரு குறித்த ஒதுக்கீட்டோடும் கோரிய உறுப்பினரின் பெயர் வெளியிடப்பட வேண்டும் எனவும், அதில் தமக்கோ தம் துணைவருக்கோ பொருள்நலன் இல்லை என அவர் உறுதியளிக்க வேண்டும் எனவும் விதித்தன. 2009இல், ஏற்கப்பட்டவை மட்டுமின்றி, கோரியவை அனைத்தையும் உறுப்பினர் இணையத்தில் வெளியிட வேண்டும் என்னும் நடைமுறை வந்தது. தெருவிளக்கு முதல் ஏவுகணை உதிரிப்பாகம் வரை, பெறுவோரின் முகவரியோடும் பணியின் விளக்கத்தோடும் நீண்ட பட்டியல்கள் பொதுமக்களின் பார்வைக்கு வந்தன. 2010 மார்ச்சில் பிரதிநிதிகள் சபையின் நிதியொதுக்கீட்டுக் குழு, இலாப நோக்குடைய நிறுவனங்களுக்குக் குறித்த ஒதுக்கீடு இல்லை என அறிவித்தது. இவ்விதி பெரிதும் பாதித்தது தற்காப்புக் கோரிக்கைகளையே என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

தடைக்காலம்

2010ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப் பின்னர்ச் சீர்திருத்தம் முழுத்தடையாக மாறியது. 2011 ஜனவரியில், குறித்த ஒதுக்கீடுள்ள எந்த மசோதாவுக்கும் ஒப்புதல் தரப்போவதில்லை என அதிபர் ஒபாமா அறிவித்தார். பிப்ரவரியில் செனட் நிதியொதுக்கீட்டுக் குழுத் தலைவர் டேனியல் இனோவேயும் தடைக்கு இசைந்தார். பத்தாண்டுகள் அத்தடை நீடித்தது.

தடையின் விளைவு எதிர்பார்த்தவாறு அமையவில்லை. உறுப்பினர் தம் விருப்பத்தை மசோதாவில் எழுதுவதற்கு மாறாக, துறைகளுக்குக் கடிதம் எழுதினர், தொலைபேசியில் பேசினர். முன்னர் அச்சில் இருந்தது இப்போது உறைக்குள் சென்றது.

தற்காப்பில் இது மேலும் தெளிவாகப் புலப்பட்டது. ஒஹாயோ மாநிலத்தின் லைமா நகரில் ஏப்ரம்ஸ் கவச வாகனத் தொழிற்சாலை உள்ளது. அங்கு நடைபெறும் பணியைச் சில ஆண்டுகள் நிறுத்திவைத்துப் பணத்தை மிச்சப்படுத்த விரும்புவதாகத் தரைப்படை 2012இல் கூறியது. காங்கிரஸ் உடன்படாமல் நிதியைச் சேர்த்தது. இவ்வொதுக்கீடு எந்த உறுப்பினரின் பெயரையும் தாங்கவில்லை. விதியின்படி இது குறித்த ஒதுக்கீடும் அன்று. ஆனால், நாட்டில் அவ்வாகனத்தைச் செய்யும் தொழிற்சாலை அது ஒன்றே. பெயர் சுட்டாமலே பெறுவோர் யாரென யாவரும் அறிவர்.

இங்கும் மறுபக்கம் ஒன்றுண்டு. மூடிய தொழிற்சாலையை மீண்டும் திறப்பதற்குத் தேர்ந்த தொழிலாளரைத் தேடுவது அரிது என்பது ஆதரித்தோரின் வாதம். உக்ரேன் போருக்குப் பின்னர், 2022இல் போலந்து 250 ஏப்ரம்ஸ் வாகனங்களுக்கு ஒப்பந்தம் செய்ததும், 2023இல் அமெரிக்கா 31 வாகனங்களை உக்ரேனுக்கு அனுப்பியதும் அவ்வாதத்துக்கு வலுச்சேர்ப்பதாக அவர்கள் கருதக்கூடும். ஆயினும், 2012இல் வாக்களித்தோர் இதனை முன்னறிந்து வாக்களித்தார்களா, லைமாவின் வேலைவாய்ப்பைக் கருதி வாக்களித்தார்களா என்பதைப் பதிவுகளைக் கொண்டு பிரித்தறிய இயலாது. நோக்கம் பதிவாகாத இடத்தில், பின்னர் நேர்ந்த நற்பயனை முன்னைய முடிவின் நியாயமாகக் கொள்வது ஆய்வு நெறிக்கு ஒவ்வாது.

மீட்சி

2021இல் குறித்த ஒதுக்கீடு புதுப்பெயர்களோடு மீண்டது. பிரதிநிதிகள் சபை அதனைச் ‘சமூகத் திட்ட நிதி’ என்றும், செனட் சபை ‘காங்கிரஸ் வழிகாட்டும் செலவு’ என்றும் வழங்கின. பெயரோடு விதிகளும் புதியன. ஆண்டுதோறும் முடிவுசெய்யப்படும் செலவில் நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேல் இதற்கு இல்லை. இலாப நோக்குடைய நிறுவனங்கள் பெற இயலாது. பிரதிநிதிகள் சபையில் முதலாண்டில் ஓர் உறுப்பினர் பத்துக் கோரிக்கைகளுக்கு மேல் வைக்க இயலாது; அடுத்த ஆண்டில் இவ்வெண்ணிக்கை பதினைந்தாக உயர்த்தப்பட்டது. ஊர்மக்களின் ஆதரவுக்குச் சான்று இணைக்க வேண்டும். காங்கிரஸின் தணிக்கை அமைப்பான அரசாங்கப் பொறுப்பாய்வு அலுவலகம் செலவைப் பின்தொடர்ந்து ஆராயும். அவ்வலுவலகத்தின் கணக்குப்படி, 2022ஆம் நிதியாண்டில் 4,963 பணிகளுக்கு ஏறத்தாழ 9.1 பில்லியன் டாலரும், 2023இல் 7,234 பணிகளுக்கு ஏறத்தாழ 15.3 பில்லியன் டாலரும் ஒதுக்கப்பட்டன. 2025ஆம் நிதியாண்டுக்கோ, அவ்வாண்டு மார்ச்சில் நிறைவேறிய முழுவாண்டுத் தொடர் ஒதுக்கீட்டுச் சட்டத்தில் இவை இடம்பெறவில்லை. ஓராண்டு முழுதும் திட்டமிட்டுக் காத்திருந்த ஊராட்சிகள் வெறுங்கையோடு நின்றன.

இம்மீட்சியில் தற்காப்புக்கு வேறு அளவுகோல் வகுக்கப்பட்டது குறிப்பிடத்தக்கது. படைத்துறைக் கட்டுமானக் கோரிக்கைகள், தற்காப்புத் துறையின் பல்லாண்டுத் திட்டத்திலோ, படைத் தலைவர்கள் சட்டப்படி ஆண்டுதோறும் அளிக்கும் ‘நிதி கிட்டாத முன்னுரிமைகள்’ பட்டியலிலோ முன்னரே இடம்பெற்றிருக்க வேண்டும் எனப் பிரதிநிதிகள் சபை விதித்தது. அதாவது, உறுப்பினர் வரிசையை முன்னுக்குத் தள்ளலாம்; வரிசையில் இல்லாததைப் புதிதாகப் படைக்கலாகாது. 2024ஆம் நிதியாண்டில் அச்சபை தற்காப்பு மசோதாவையே இவ்வகைக் கோரிக்கைகளிலிருந்து விலக்கியது. படைத்துறைக் கட்டுமானம் மட்டும் தனி மசோதாவில் தொடர்ந்தது. எனினும், படைக்கருவிகளுக்கான தொகையைத் துணைக்குழுவே ‘திட்ட உயர்வு’ என்னும் பெயரால் கூட்டும் வழக்கம் நிற்கவில்லை. அத்தகைய உயர்வுகளைக் கோரியவர் பெயர் அறிக்கையில் இராது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, தம் தொகுதிக்கு நிதி கோருதல் பேராளரின் கடமைக்குப் புறம்பானதன்று. கோருதலை மறைத்தலே தீங்கின் தோற்றுவாய். இரண்டாவது, வெளிப்படைத்தன்மை ஊர்ப்பணிக் கோரிக்கைகளுக்குப் பெருமளவு போதுமானது. ஏனெனில், அங்குப் பணியைப் பயன்படுத்துவோரே அதனை மதிப்பிடவும் வல்லவர். மூன்றாவது, படைக்கருவிக்கான கோரிக்கைகளுக்கு அது மட்டும் போதாது. தொகுதி மக்கள் தம் தொழிற்சாலை பெற்ற ஒப்பந்தத்தை முழுமையாக அறிந்திருந்தும் அதனைப் பாராட்டவே செய்வர். போர்க்களத்தில் அக்கருவியைத் தாங்கும் வீரரோ அவ்வாக்கெடுப்பில் இல்லை. அவருக்காகப் பேசும் ஒரு வாயில், படைத்துறையின் முன்னுரிமைப் பட்டியல் போன்ற ஒன்று, இடையே அமைதல் இன்றியமையாதது.

2021க்குப் பின்னர் அவ்வாயில் கட்டுமானத்துக்கு வைக்கப்பட்டது. செலவு மிகுந்த படைக்கருவிகளுக்கு வைக்கப்படவில்லை. ஐம்பதின்மர் வாழும் தீவுக்கான பாலம் நாடறிந்த நகைப்பாயிற்று; அதனினும் பன்மடங்கு பெரிய தொகைகள் பெயரின்றித் தற்காப்பு மசோதாவில் சேர்வது பெரும்பாலோர் செவிக்கே எட்டுவதில்லை. பொதுப்பொருளை வகுத்தலைப் பற்றிக் கற்போரும் கற்பிப்போரும் தொகையை மட்டும் நோக்காது, கேட்டவர் யார், பயன்பெறுபவர் யார், மதிப்பிட வல்லவர் யார் என்னும் மூன்றையும் தனித்தனியே வினவுதல் வேண்டும். இம்மூவரும் எவ்வளவு விலகி நிற்கின்றனரோ, அவ்வளவுக்குக் கூடுதலான காவல் அவ்வொதுக்கீட்டுக்குத் தேவைப்படும்.